பதினைந்து சொற்கள்

மணி பத்து ஐம்பத்திரண்டு. சாத்திய கதவுக்குப் பின்னால் இப்போது என்ன நடந்துகொண்டிருக்கும் என்று பூங்கோதைக்கு எட்டிப் பார்க்காமலே தெரியும். அவளிடம் படித்த நஸ்ரின் பதினைந்து சொற்களையும் ஐந்து முறை வாசித்து முடித்திருப்பாள், நொடிக்கு ஒரு சொல், குரலில் ஏற்றமும் இல்லாமல் இறக்கமும் இல்லாமல். ஒவ்வொரு முறையும் பூங்கோதையின் கணவர் அறவாழி மனதில் நின்றதைத் திருப்பிச் சொல்லியிருப்பார். அதெல்லாம் பத்து நாற்பதோடு முடிந்தது. இப்போது அரை மணி நேரம் வேறு வேலை கொடுத்திருப்பாள், படத்தைப் பார்த்து வரைவது, புள்ளிகளைக் கோடு போட்டு இணைப்பது, வார்த்தையே வேண்டாத வேலைகள். பதினொன்று பத்துக்கு, போகிறபோக்கில் கேட்பதுபோலக் கேட்பாள். முதல்ல ஒரு பட்டியல் வாசிச்சேனே சார், அதுல எதெல்லாம் ஞாபகம் இருக்கு? அந்தக் கேள்விதான் பரிட்சை. மற்றதெல்லாம் அந்தக் கேள்விக்குப் பந்தல் கட்டுவது. இதெல்லாம் பூங்கோதைக்குத் தெரியும், ஏனென்றால் அந்தப் பரிட்சையை உருவாக்கியதே அவள். தமிழ்நாட்டில் எத்தனையோ ஆஸ்பத்திரிகளில் இன்று வாசிக்கிற அந்தப் பதினைந்து சொற்களை அவள்தான் பொறுக்கினாள். அவள் பொறுக்கியபோது முதல் ஆளாக உட்கார்ந்து கேட்டவர் அறவாழி. ஒரு முறை இரண்டு முறை இல்லை, இருநூறு முறை கேட்டிருப்பார். வினாத்தாளை வீட்டில் வைத்துக்கொண்டிருந்தவனைக் கொண்டுபோய்ப் பரிட்சை அறையில் உட்காரவைத்த மாதிரி அவரை உள்ளே அனுப்பிவிட்டு, நாலு நாற்காலி ஒன்றாகப் பிணைத்த இந்த இரும்பு வரிசையில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். அவர் பதினான்கு சொல்வார், பதினைந்தும் சொல்வார், நஸ்ரின் சிரித்த முகத்தோடு வெளியே வருவாள், சார் சூப்பர் மேம் என்பாள், வீட்டுக்குப் போய்விடலாம். அந்தப் பதினைந்துக்கு ஒரு அர்த்தமும் இருக்காது. கதவைத் தட்டிச் சொல்லிவிட இன்னும் பதினெட்டு நிமிஷம் இருக்கிறது.

தட்டுவதற்கு என்ன. எழுந்து நாலு எட்டு வைத்தால் கதவு. 'உள்ளே பரிசோதனை நடைபெறுகிறது, தட்டாதீர்கள்' என்று ஒரு அட்டை தொங்குகிறது, அதுவும் அவள் தன் மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுத்த பழக்கம்தான். திருச்சி வெயில் ஜன்னல் வழியாக நீளமாக விழுந்து, துடைத்து முடிக்காத தரையில் பினாயில் வாசனையைக் கிளப்பிக்கொண்டிருக்கிறது. பினாயில் என்றால் அவளுக்கு ஏனோ உறையூர் வீட்டுச் சமையலறை. இங்கிலாந்திலிருந்து திரும்பி வந்த மறு வருஷம் அது, வாடகை வீடு, சிங்க்கின் அடியில் எப்போதும் ஒரு பினாயில் பாட்டில். லீட்ஸில் பத்து வருஷம் இருந்துவிட்டு வந்தவளுக்கு இங்கே கிழவர்களின் ஞாபகத்தை எதைக் கொண்டு அளக்கிறார்கள் என்று பார்த்ததும் தூக்கிவாரிப் போட்டது. யாரோ இங்கிலீஷ் பட்டியலை அப்படியே தமிழாக்கி வைத்திருந்தார்கள். வான்கோழி, திரைச்சீலை. லால்குடியில் களத்துமேட்டில் ஐம்பது வருஷம் நெல் தூற்றிய மனுஷர், வான்கோழியை ஞாபகத்தில் நிறுத்தவில்லை என்பதற்காக அவருக்கு மூளை போய்விட்டது என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். புதுசாகச் செய்கிறேன் என்று உட்கார்ந்தாள். எல்லோருக்கும் தெரிந்த சொல்லாக இருக்க வேண்டும், ஒரே நீளமாக இருக்க வேண்டும், ஒன்றைச் சொன்னால் இன்னொன்று தானாக வந்து ஒட்டக்கூடாது. கடைசி நிபந்தனைதான் கழுத்தை அறுத்தது. இந்த மொழியில் சொற்கள் தனியாக இருக்கச் சம்மதிப்பதில்லை, எதையாவது பிடித்துக்கொண்டு ஜோடி சேர்ந்துவிடுகின்றன. அறவாழி அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருப்பார், அவள் வாசிப்பாள். "ஆறு, மிளகு, ஏணி, பாலம்..." "நிறுத்து. ஆறுன்னு சொல்லிட்டு பாலம்ங்கற. ஆத்தைப் பாத்தா நான் பாலத்தைத்தானே தேடுவேன்? ஆத்தைத் தூக்கு." "அப்ப ஆத்துக்குப் பதிலா என்னங்க வைக்கிறது?" "தேள் வை. தேளுக்கு யாரும் பாலம் கட்ட மாட்டாங்க." தேள் நின்றது, இன்றுவரை நிற்கிறது. மாதக்கணக்கில் இதே கூத்து. குளிக்கும்போது அதையே ஒரு ராகம் போட்டுப் பாடுவார், மகள் யாழினியை ஸ்கூட்டரில் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகும்போது பாடுவார், அது அம்மாவோட பாட்டுப்பா என்று குழந்தை கூடப் பாடும். பத்து ஐம்பத்தைந்து.

மனைவி என்ன செய்கிறாள் என்பதை அவர் ஒருநாளும் முழுசாக ஒப்புக்கொண்டதில்லை, ஒருநாளும் விட்டுக்கொடுத்ததும் இல்லை. அவருக்கு விஞ்ஞானம் என்றால் கான்கிரீட் கியூப். கட்டடத்துக்குக் கலக்கிற கலவையிலேயே கொஞ்சம் எடுத்து அச்சில் வார்த்து, இருபத்தெட்டு நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, மெஷினில் வைத்து நசுக்க வேண்டும். எத்தனை பாரத்தில் உடைகிறதோ அதுதான் அதன் பலம், எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாயிற்று. "உங்க சயின்ஸ்ல எதை உடைப்பீங்க கோதை? மனசை எத்தனை நாள் ஊறப்போடணும்?" என்பார். "உங்க கியூப்பை யாராவது பாக்குறாங்கன்னு தெரிஞ்சா அது கொஞ்சம் விறைப்பா நிக்குமா? நிக்காது. மனுஷன் நிப்பான். இதுல நூலைப் பிடிக்கணும்னா உங்களவிட எங்களுக்குத்தான் ஜாக்கிரதை வேணும்," என்பாள். "அது சரி, அதுக்கு ஒரு மெஷின் கண்டுபிடிங்க." கரூரில் ஒரு கல்யாணத்தில் அவளுடைய சித்தப்பா பந்தி வரிசையில் நின்றபடி, என்னம்மா மனசைப் படிக்கிற படிப்பாமே, இப்ப நான் என்ன நெனக்கிறேன் சொல்லு பாப்போம் என்று எல்லோர் முன்னாலும் கேட்க, அவள் வாய் திறப்பதற்குள் அறவாழி, "இந்தப் பந்தியிலயே இடம் கிடைச்சுடணும்னு நெனக்கிறீங்க சித்தப்பா" என்றார். ஜனங்கள் சிரித்த சிரிப்பில் சமையல்காரர் வெளியே வந்து பார்த்தார். அன்று ராத்திரி பஸ்ஸில் அவள் அவர் தோளில் சாய்ந்துகொண்டு, நீங்க சொன்னது ஊகம், அதை விஞ்ஞானம்னு சொல்ல முடியாது என்று சொன்னாள். ஆனா சரியா இருந்துச்சுல்ல என்றார். சரியாக இருப்பது வேறு, சரி என்று தெரிந்துகொள்வது வேறு. அதைத்தான் அவள் இருபத்தைந்து வருஷமாக ஒவ்வொரு வகுப்பிலும் கரும்பலகையில் எழுதிப் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

"உள்ள யாரும்மா?" பக்கத்து நாற்காலியில் ஒரு பெண், இவள் வயதுதான் இருக்கும், மடியில் ஃப்ளாஸ்க், ஒரு எக்ஸ்ரே கவர். "வீட்டுக்காரர்." "என்ன பண்ணுதாம்?" பூங்கோதை கதவைப் பார்த்தாள். "கொஞ்சம் மறதி மாதிரி." "அட, ஆம்பளைங்களுக்கு மறதியா? என் வீட்டுக்காரருக்கு இருபது வருஷம் முன்னாடி எங்க அண்ணன் பேசுன பேச்சு ஒவ்வொண்ணும் ஞாபகம் இருக்கு, கேஸ் புக் பண்ணச் சொன்னா மட்டும் மறந்துபோகும்." பூங்கோதை சிரித்துவிட்டாள். அந்தப் பெண்ணும் சிரித்து, ஃப்ளாஸ்க் மூடியில் காப்பி ஊற்றி நீட்டினாள், வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை, வாங்கிக்கொண்டாள். "ஒண்ணும் இருக்காதும்மா. வயசு என்ன?" "அம்பத்தேழு." "சின்ன வயசு. ஒண்ணும் இருக்காது." எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள், அவளும் மற்றவர்களுக்குச் சொல்லியிருக்கிறாள், சொல்லும்போது எதிராளியின் தோள் லேசாக இறங்குவதைப் பார்த்து, இது வேலை செய்கிறது என்று மனதுக்குள் குறித்தும் வைத்திருக்கிறாள். இப்போது அவள் தோள் இறங்கியது. காப்பியில் சர்க்கரை அதிகம். அந்தப் பெண்ணின் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள், மூடியைத் துடைத்து மூடிக்கொண்டு எழுந்து போனாள். பத்து ஐம்பத்தெட்டு.

எப்போது ஆரம்பித்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மார்ச்சில் காந்தி மார்க்கெட்டுக்கு ஸ்கூட்டரில் போனவர் பஸ்ஸில் திரும்பி வந்தார். வாசலில் நின்று வெறும் இடத்தை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, ஸ்கூட்டர் எங்க கோதை என்றார். ஏப்ரலில் யாழினி புனேயிலிருந்து பேசிவிட்டு வைத்த கால் மணியில், புள்ளகிட்ட இன்னிக்குப் பேசலையே என்றார். அன்றைக்கு ஒரு நோட்டு வாங்கினாள். தேதி, நேரம், என்ன நடந்தது. ஆராய்ச்சிக்காரியின் புத்தி, பயம் வந்தால் கட்டம் போடும். மூன்று வாரத்தில் இரண்டு பக்கம் நிறைந்துவிட்டது. பிறகுதான் ஒரு நாள் துணி காயப்போடும்போது உறைத்தது, மறந்ததை மட்டும்தானே எழுதியிருக்கிறாள், மறக்காததை யார் எழுதுவது? முதலாண்டு மாணவி இப்படிச் செய்திருந்தால் தாளைத் திருப்பிக் கொடுத்திருப்பாள். இன்னொரு கட்டம் போட்டாள். தைராய்டு மாத்திரையை அவளுக்கு எடுத்து வைத்தார். எதிர்வீட்டுக்காரர் பெண்ணுக்கு இன்று பரிட்சை என்று சொன்னார். ஒன்பது வருஷம் முன்னால் போட்ட ஒரு தூணின் அஸ்திவார ஆழத்தை அடி அங்குலமாகச் சொன்னார். அந்தக் கட்டம் நாலு நாளில் நிறைந்துவிட்டது, மனசுக்கு இதமாக இருந்தது, இதமாக இருந்ததே சந்தேகமாகவும் இருந்தது. சரி, பத்து வருஷம் முன்னால் எத்தனை மறந்தார்? அந்தக் கணக்கு யாரிடம் இருக்கிறது? கல்யாணமான புதுசில் ஈரோடு ஜங்ஷனில் டீ வாங்க இறங்கியவர் வேறு ரயிலில் ஏறி உட்கார்ந்து, அந்தப் பெட்டியிலிருந்த ஒரு குடும்பத்திடம் என் மனைவியைக் காணோம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அது மறதியா, சுபாவமா, இருபத்தைந்து வயசுப் பெண்ணைக் கட்டிய மயக்கமா? அன்றைக்கு ரயில் கிளம்பும் விசிலில் இரண்டு டம்ளர் டீயோடு பிளாட்ஃபாரத்தில் ஓடி வந்தாரே, ஒரு சொட்டுகூடச் சிந்தாமல், அந்த ஓட்டத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது? ஒரே ஒரு ஆள். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு அறவாழி இல்லை. அளக்கிறவளுக்கோ விடை என்னவாக இருக்க வேண்டும் என்று முன்பே தெரியும். இதற்கு என்ன பெயர் என்றும் அவளுக்குத் தெரியும், இரண்டு மொழியிலும் தெரியும், தெரிந்து என்ன.

போன செவ்வாய்க்கிழமை நஸ்ரின் போனில் கேட்டாள். நல்ல பெண், அவளிடம் படித்ததிலேயே கை சுத்தமான பெண். "மேம், சாருக்கு நம்ம பட்டியலே வெச்சுடலாமா? தமிழ்ல அளவுகோல் இருக்கறது அது ஒண்ணுதானே." அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். இல்லம்மா, அவருக்கு அது தெரியும், வேற ஏதாவது யோசிப்போம். வேறு என்றால் பெங்களூர் ஆஸ்பத்திரிக்கு எழுதி, சொல் பட்டியல் வேண்டாத சோதனை ஏதாவது கேட்க வேண்டும், ஆறு வாரம் ஆகும். பட்டியலுக்கு இரண்டாவது வடிவம் ஒன்று எழுத வேண்டும் என்று அவளே பத்து வருஷமாகக் கருத்தரங்குகளில் சொல்லிக்கொண்டிருக்கிறாள், எழுதவில்லை. இதெல்லாம் காரணம் ஆகுமா? "ஆமாம்மா, அதையே வெச்சுடு," என்றுதான் வாயில் வந்தது, இயல்பாக, சாம்பார் வைக்கட்டுமா ரசம் வைக்கட்டுமா என்று கேட்டதற்குச் சொல்வதுபோல. அவர் தேற வேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. பொய்யாகத் தேறினால் என்ன ஆகும் என்றும் தெரியும். சில மறதிக்குக் காரணம் ஒரு வைட்டமின் குறைச்சலாக இருக்கும், ஊசி போட்டால் சரியாகும். சிலது சரியாகாது, ஆனால் ஆரம்பத்திலேயே பிடித்தால் நாலு நல்ல வருஷத்தைக் கூடுதலாக வாங்கலாம். பதினைந்துக்குப் பதினைந்து என்று எழுதி அனுப்பிவிட்டால் எதையும் யாரும் தேட மாட்டார்கள். அந்த நாலு வருஷத்தை அவளே எடுத்து ஒளித்து வைத்தமாதிரி. பதினொன்று மூன்று. உள்ளேயிருந்து ஒரு சிரிப்புச் சத்தம், அவருடையதுதான், பென்சிலைக் கீழே போட்டிருப்பார், அதற்கும் ஏதாவது சொல்லியிருப்பார். அந்தச் சிரிப்பு அப்படியே இருக்கிறதே. இந்தச் சிரிப்பை எத்தனைக்கு எத்தனை என்று போடுவது?

லீட்ஸில் அவளுடைய எட்டு மாத உழைப்பை ஆராய்ச்சி வழிகாட்டி ஒரு மதியத்தில் தள்ளிவிட்டார். எந்த ஆள் எந்தக் குழு என்று தெரிந்துகொண்டே நீ கேள்வி கேட்டிருக்கிறாய், உன் குரலே விடை சொல்லிக்கொடுத்திருக்கும், இது செல்லாது என்றார். பஸ் ஏறத் தோன்றாமல் மழையில் நடந்தே வீட்டுக்கு வந்து அழுதாள். அறவாழிக்கு அப்போது அங்கே ஒரு சோதனைக்கூடத்தில் எடுபிடி வேலை, இங்கே வகித்த பதவி எல்லாம் அங்கே செல்லவில்லை. தலையைத் துவட்டிவிட்டார், கேட்டார், கடைசிவரை கேட்டார். பிறகு, "கியூப் சரியா வரலைன்னா தூக்கிப் போட்டுட்டு இன்னொண்ணு வார்க்கணும், கோதை. அதுக்கு ஏன் அழற? உடைஞ்சது கியூப்தானே, நீயா?" என்றார். மனதுக்கு மெஷின் இல்லை என்று கேலி பண்ணுகிற மனுஷர், அன்றைக்கு அந்த வழிகாட்டி பக்கம்தான் நின்றார். ஊருக்குத் திரும்பி இரண்டாவது வருஷம், ஒரு மேம்பாலத்துக்கான கியூப் ஒன்பதில் ஆறு தேறவில்லை. ஒப்பந்தக்காரர் ஆள்விட்டுப் பேசினார், முதலாளியே பேசினார், ஒரு எண்ணைக் கொஞ்சம் மாற்றினால் போதும் சார். "இதுமேல பஸ் போகும்ங்க," என்றார் அறவாழி. எண்ணை மாற்றவில்லை, வேலை போயிற்று. நாலு மாதம் வேலையில்லாமல் வீட்டில் இருந்தார். அந்த நாலு மாதத்தில்தான் அவரைக்காய், அந்த நாலு மாதத்தில்தான் ஆற்றைத் தூக்கித் தேளை வைத்தது. பூங்கோதை நிமிர்ந்து உட்கார்ந்தாள். இதை இப்படி ஒன்றாக அவள் சேர்த்துப் பார்த்ததே இல்லை. வாழ்நாளில் ஒரு பொய்யான பலத்துக்குக் கையெழுத்துப் போடாத மனுஷருக்கு, அவர் தலைமேலேயே ஒரு பொய்யான பலத்தை எழுதிக் கொடுக்க அவள் இங்கே காவல் உட்கார்ந்திருக்கிறாள். அன்பினால்தான். அன்பினால் என்றால் எண் மாறிவிடுமா? பதினொன்று ஏழு. இப்போது தட்டினால் இன்றைய சோதனை மொத்தமும் வீண், ஆறு வாரம் காத்திருக்க வேண்டும், நஸ்ரின் முன்னால் தலைகுனிய வேண்டும். பதினொன்று எட்டு. கால் மரத்துப்போயிருந்தது. பதினொன்று ஒன்பதுக்கு எழுந்தாள். நாலு எட்டுதான், ஆனால் அந்த அட்டையைக் கையால் விலக்கித் தட்டுவதற்குள் இன்னொரு நிமிஷம் போய்விட்டது.

நஸ்ரின் கதவைப் பாதி திறந்தாள். "மேம்? இப்பத்தான் கேட்டேன். சார் சொல்லிட்டிருக்காங்க."

"நிறுத்திடும்மா. இது செல்லாது." குரல் இவ்வளவு சத்தமாக வரும் என்று அவள் நினைக்கவில்லை. "இந்தப் பட்டியலை அவர் இருநூறு தடவை கேட்டிருக்காரு. பாட்டாவே பாடியிருக்காரு. அன்னிக்குப் போன்லயே உன்கிட்ட சொல்லியிருக்கணும். தப்பு என்னோடது."

நஸ்ரின் திரும்பினாள். நடந்து போய் மேஜைமேல் கிடந்த விடைத்தாளின்மேல் உள்ளங்கையை வைத்து மூடினாள். முகத்தில் எதுவும் தெரியவில்லை. பரிசோதனை நடக்கும்போது முகத்தில் எதுவும் தெரியக்கூடாது என்று அவளுக்குக் கற்றுக்கொடுத்தது பூங்கோதைதான். கற்றுக்கொடுத்தவளுக்கு அதைப் படிக்கவும் தெரிந்தது. பதினான்கு சொல்லியிருந்தால் அந்தக் கை தாளை மூடியிருக்காது.

அறவாழி நாற்காலியில் திரும்பிப் பார்த்தார். சட்டைப்பையில் பென்சில், முகத்தில் அவளைப் பார்த்தால் வருகிற சிரிப்பு. "அதான பாத்தேன், கோதை. எங்கயோ கேட்ட மாதிரியே இருந்துச்சு. பிடிபடல." பிறகு நஸ்ரின் பக்கம் திரும்பி, ஒரு வேலையைப் பார்த்து அது நல்ல வேலை என்று கண்டுகொள்கிற தொழில்காரனின் மரியாதையோடு, "சும்மா சொல்லக்கூடாதும்மா, நல்லாப் பொறுக்கியிருக்காங்க. யாரு எழுதுனது?" என்றார்.

நஸ்ரின் தலையைத் தூக்கவில்லை. அரை மணி நேரமாக ஒரு பெரிய எண்ணுக்குப் பயந்துகொண்டிருந்த பூங்கோதை, எத்தனை என்று கேட்கவில்லை. பாடியும் ஆடியும் இருநூறு தடவை உள்ளே போனது, எங்கேயோ கேட்ட மாதிரி என்கிற அளவில் வந்து நிற்கிறது. இதற்குப் பெங்களூருக்கு எழுதிக் கேட்க வேண்டியதில்லை. இல்லை, கேட்கத்தான் வேண்டும். கேட்பாள். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், எல்லாம் ஒழுங்காக, ஒன்று விடாமல். நாளையிலிருந்து.

"நான்தாங்க எழுதினேன்," என்றாள்.

"நீயா?" அவர் கண் விரிந்தது. முகம் முழுக்கப் பெருமை வந்து நிறைந்தது, புதுசாக, இப்போதுதான் முதன்முதலாகக் கேள்விப்படுகிறவரின் பெருமை. "பாத்தியாம்மா நஸ்ரின்! எங்க வீட்டம்மா எழுதுனதாம்! இவ்வளவு நாள் ஒரு வார்த்தை சொல்லலையே என்கிட்ட. எத்தனை நாளாச்சு கோதை இதைச் செய்ய?"

"ரெண்டு வருஷம்."

"ரெண்டு வருஷமா? தனியாவா செஞ்ச?"

பூங்கோதை சுவரோரம் கிடந்த நாற்காலியை இழுத்து அவர் முழங்காலோடு முழங்கால் இடிக்கிற மாதிரி போட்டு உட்கார்ந்தாள். நஸ்ரின் சத்தமில்லாமல் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"இல்லைங்க," என்றாள், முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.